பிழை பார்க்க வந்தவள்

பங்குனி 12, செவ்வாய்

இந்தக் கொப்பியை பெனிட்டா தந்தாள். படத்தில் உதவி இயக்குநர், தூத்துக்குடிப் பிள்ளை. "செட்ல எது தப்பா இருந்தாலும் இதுல எழுதி வைங்கம்மா, சாயங்காலம் டைரக்டர்கிட்ட சொல்றேன்" என்றாள். வலப்பக்கத்தில் பிழைகளை எழுதுவேன். இடப்பக்கம் எனக்கு.

எங்கள் கடைசிச் சண்டையைப் பற்றிய படம் இது. வன்னியில் நடந்ததை மணமேல்குடிப் பக்கம் ஒரு பனங்காட்டில் எடுக்கிறார்கள். போன வருசம் இயக்குநர் இளம்பரிதி திருச்சியில் எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டு தரம் வந்து, நான் சொன்னதையெல்லாம் ஒலிப்பதிவு செய்துகொண்டு போனார். கதையில் வருகிற தாயும் மகளும் நானும் நிரூஜாவும்தான். "நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கணும், ஒரு ஆணி கூட தப்பா இருக்கக் கூடாது" என்றார். அதை நம்பித்தான் வந்தேன்.

வந்த முதல் நாளே சண்டை பிடித்தேன். பங்கர் என்று ஒரு நீளக் கிடங்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். நேராக, படி எல்லாம் வைத்து. எங்கள் பங்கர் 'ட' மாதிரி மடங்கி இருக்கும். வாசலில் ஷெல் விழுந்தாலும் சிதறுகிற இரும்புச் சன்னம் நேரே உள்ளே வராது, திருப்பத்தில் மண்ணில் குத்திவிடும். இதை இளம்பரிதியிடம் சொன்னால், "திருப்பம் வச்சா கேமரா உள்ள போகாதும்மா" என்கிறார்.

"கேமரா போற வழியால சன்னமும் போகும் தம்பி" என்றேன்.

இளம்பரிதிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் பின்னேரம் ஜேசிபி வந்து புதிதாக வெட்டியது. நான் கிட்ட நின்று பார்த்தேன்.

பங்குனி 13, புதன்

இன்றைக்குச் சண்டை மண்மூட்டைக்கு. பங்கரைச் சுற்றிப் புத்தம் புதுச் சணல் சாக்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள், அரிசி மண்டி மாதிரி. சாக்குக்கு எங்கே போவது அங்கே? உரப்பையெல்லாம் மாசி மாதத்தோடு முடிந்துவிட்டது. பிறகு சீலையில்தான் பை தைத்தோம். முதலில் நைலெக்ஸ், பிறகு நூல்சீலை, கடைசியில் பட்டு. மண் நிரப்ப நூல்சீலை கிழியும், பட்டு தாங்கும். பெண்டுகள் தங்கள் கூறைச் சீலையைக் கொண்டு வந்து என் தையல் மெசினுக்கு முன்னால் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள். என்னுடையதையும் நான்தான் வெட்டினேன். அரக்குக் கரை வைத்த சிவப்பு.

கலை இயக்குநர் தேவசகாயம் சிரித்தார். "பட்டுச் சேலையில மண்ணா? ஜவுளிக்கடை விளம்பரம் மாதிரி ஆயிடும்மா. ஆடியன்ஸ் நம்ப மாட்டாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நடந்ததை நம்ப மாட்டார்களாம், நடக்காததை நம்புவார்களாம். கதாநாயகன் ஒற்றைக் கையால் துவக்கைப் பிடித்துச் சுட்டுக்கொண்டே மெதுவாகப் பறக்கிறான், அதை மட்டும் எப்படி நம்புகிறார்கள் என்று கேட்டேன்.

பெனிட்டா புதுக்கோட்டைக்குப் போய்ப் பழைய சீலைகளாக ஒரு பொதி வாங்கி வந்தாள். நானே தைத்துக் கொடுத்தேன். அடுக்கி முடிந்ததும் இளம்பரிதி வந்து பார்த்தார். பிறகு கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

பங்குனி 15, வெள்ளி

மகளாக நடிக்கிற பிள்ளை கதைக்கிற தமிழைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் யாரோ ஆலப்புழைக்காரர் வந்து குடியேறியது மாதிரி இருக்கிறது. நாள் முழுக்க "எண்டு", "எண்டால்" சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டிவிட்டது.

பங்குனி 18, திங்கள்

என் மனுசன், இவர், பஸ்ஸில் வந்திறங்கினார், என் பிரஷர் குளிசைகளோடு. நான் எடுத்து வைக்க மறந்தவை. சிற்றம்பலம் என்று பேர் சொல்லி பெனிட்டாவுக்கு அறிமுகம் செய்து வைத்தேன். "அப்பா நீங்க மினி தியேட்டர் வச்சிருந்தீங்களாமே" என்று அவள் பிடித்துக்கொண்டாள்.

கிளிநொச்சியில் ஒரு டிவி, ஒரு டெக், ஒரு ஜெனரேட்டர், நாற்பது பிளாஸ்டிக் கதிரை, அதுதான் இவருடைய மினி சினிமா. வெளிநாட்டுச் சண்டைப் படம் போட்டால் கொட்டில் நிறைந்துவிடும். வெளியில் உண்மையான சண்டை நடக்கும்போது சனம் உள்ளே காசு கொடுத்துச் சண்டை பார்த்தது. இடம்பெயரும்போது நான் மெசின் தலையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன், இவர் டெக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூன்றாவது இடத்தில்தான் அதை விட்டார். இப்போதும் திருச்சியில் பொழுதுக்கும் கைபேசியில் சண்டைப் படம்தான். ஆனால் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். ஏன் என்று கேட்டால் "சத்தம் எல்லாம் பொய்" என்பார்.

பெனிட்டா கேட்டாள்: "பார்த்ததுலயே உண்மையான வார் ஃபிலிம் எதுப்பா?"

இவர் யோசித்தார். "ரஷ்யாக்காரன்ர படம் ஒண்டு. பேர் ஞாபகமில்லை பிள்ளை. அதில ஒரு கிழவி அடுப்பு மூட்டப் பாக்கிறா. விறகு ஈரம். படம் முடியுமட்டும் மூட்டிக்கொண்டே இருக்கிறா. அதில ஒரு வெடியும் இல்லை. அதுதான் நம்பர் ஒண்டு."

"அப்ப நம்பர் டூ?"

"அது இங்கிலீசு. ஆமிக்காரன் ஒருத்தன் முழுப் படமும் தன்ர கால் சப்பாத்தைத் தேடுறான். தளபதிமார் கையை நீட்டிக் கதைக்கிற படமெல்லாம் சும்மா. சண்டைக்குள்ள இருக்கிறவனுக்குத் தான் சண்டையில எந்தப் பக்கத்தில நிக்கிறன் எண்டே தெரியாது."

ஒலிப்பதிவுத் தம்பி, ஷெல் கூவிக்கொண்டு வந்து விழுகிற சத்தத்தைப் போட்டுக் காட்டினான். இவர் தலையை ஆட்டினார். "கூவிறது உன்னைத் தாண்டிப் போறது தம்பி. உனக்கு வாறது கூவாது." சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெடியன் கன நேரம் ஹெட்ஃபோனைப் போடவில்லை.

பங்குனி 21, வியாழன்

இன்றைக்கு நிரூஜாவுக்கு முப்பத்துநாலு முடிகிறது. சமையல்காரரிடம் கேட்டு ஒரு சின்னப் பாத்திரத்தில் பாயாசம் வைத்தேன், முந்திரிக் கஜு போடாமல். அவளுக்குக் கஜு பிடிக்காது. பெனிட்டாவுக்கும் நடிக்கிற பிள்ளைக்கும் கொடுத்தேன். யாருக்கு என்று கேட்டார்கள். மகளுக்கு என்றேன். "எங்கம்மா இருக்காங்க?" என்று நடிக்கிற பிள்ளை கேட்டது. பெனிட்டா அதன் கையைப் பிடித்து அழுத்தினாள். ஏன் அழுத்த வேண்டும்? கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. நானும் அதைத்தான் பதினைந்து வருசமாகக் கேட்கிறேன்.

கடைசி நாளில் பாலத்தைத் தாண்டி ஆமிப் பக்கம் வந்ததும், ஒரு நாள் என்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் பேர் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். இயக்கக்காரர் முன்பு அவளைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். மறைத்தால் கூட இருப்பவர்களுக்கு ஆபத்து என்று அவளே போய்ப் பதிந்தாள். பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னல் பக்கம் இருந்தாள். தண்ணிப் போத்திலை என்னிடம் நீட்டி, "நீங்கள் வைச்சிருங்கோ அம்மா, எனக்கு அங்க தருவினம்" என்றாள். பஸ் போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் எவருக்கும் தெரிந்தது. போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை, எழுதிக் கொடுக்காத மனு இல்லை.

பங்குனி 22, வெள்ளி

மழை பெய்விக்கிறார்கள். லொறியில் தண்ணி கொண்டு வந்து, குழாய் பூட்டி, அழுகிற காட்சிக்கு மழை. நாங்கள் நாக்கு நனைக்கத் தண்ணி இல்லாமல் கிணறு கிணறாக அலைந்த நாட்கள் அவை. சோளகக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. "சோகம் பதியணும்னா மழை வேணும்மா" என்கிறார்கள். எல்லோரும் அழத் தெரியாமலா இருந்தோம், மழையைக் கடன் வாங்க?

வாதாடி வாதாடி மழையை நிற்பாட்டினேன். பெரிய காற்றாடிகளைக் கொண்டு வந்து மண்ணை வீசினார்கள். தேவசகாயத்தின் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று சொன்னேன், அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பங்குனி 26, செவ்வாய்



தாய் இப்போது இந்தியாவில் இருப்பது போல ஒரு வீட்டுக் காட்சி. சுவரில் மாட்ட நிரூஜாவின் படம் வேண்டும் என்று போன கிழமை கேட்டார்கள். நடிக்கிற பிள்ளையின் படத்தை மாட்டலாமே என்றேன். தூரத்தில்தான் தெரியும், உண்மையான படம் இருந்தால் நடிக்கிற அம்மாவுக்கு உணர்வு வரும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை பாஸ் பண்ணினபோது எடுத்த படம். இவர் அதற்காகவே மறுபடியும் திருச்சியில் இருந்து கொண்டு வந்து கொடுத்தார்.

காலையில் செட்டுக்குள் போனேன். சுவரில் என் பிள்ளை. கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் குங்குமம், சந்தனம். கழுத்தைச் சுற்றிச் சந்தனமாலை. மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரிகிறது.

அங்கே நின்ற ஆர்ட் உதவியாளரைப் பிடித்தேன். அவன் பயந்துவிட்டான். "போட்டோ மாட்டச் சொன்னாங்கம்மா. போட்டோ மாட்டினா மாலை போடுறது வழக்கம்தானே." அவனுக்கு அது வேலை. எத்தனையோ படத்தில் எத்தனையோ சுவரில் போட்டிருப்பான். பதினைந்து வருசத்தில் அந்தப் படத்துக்கு ஒரு பூ நான் வைத்ததில்லை. விளக்கைக்கூடப் பக்கத்தில் வைப்பதில்லை, வேறு சுவரில்தான். செத்த பிள்ளைக்குத்தான் மாலை என்று எங்கள் வீட்டுக்கு வருகிற பால்காரனுக்குக்கூடத் தெரியும்.

மாலையைப் பிய்த்து எறிந்தேன். சத்தம் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. இளம்பரிதி ஓடி வந்தார். "ஏன் தம்பி இப்பிடிச் செய்தனியள்?" என்று கேட்டேன். அவர் அந்தப் பையனைத் திட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"கதையில என்ர பிள்ளை பஸ்ஸில தானே ஏறுறாள்?"

கீழே பார்த்தபடி சொன்னார்: "அது மாத்திட்டோம்மா. பாலத்துக்கு முன்னாடியே ஷெல் விழுது. அம்மா மடியிலயே..."

"ஆரைக் கேட்டு மாத்தினனியள்?"

"பஸ் போறதோட முடிச்சா அது முடிவே இல்லம்மா. அவங்க இருக்காங்களா இல்லையான்னு தெரியாம ஜனங்க எப்படி எழுந்து வெளிய போவாங்க?"

"போகாட்டி இருக்கட்டும். நாங்கள் பதினைஞ்சு வருசமா இருக்கிறம்."

பங்கர் திருப்பத்துக்கு என் சொல் கேட்டார்கள், சீலைக்குக் கேட்டார்கள், மழைக்குக் கேட்டார்கள். இதெல்லாம் இப்படி அச்சொட்டாக இருந்தால், கடைசியில் சொல்லப் போகிற பொய்யையும் சனம் நம்பும். அதற்குத்தான் நான் இத்தனை நாளும் நின்று பிழை பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்க முடியவில்லை.

இவர் படத்தைச் சுவரில் இருந்து கழற்றி, சேர்ட் முனையால் குங்குமத்தைத் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.

பங்குனி 27, புதன்

திருச்சிக்கு வந்துவிட்டோம். "படம்தானே" என்று இவர் பஸ்ஸில் சொன்னார். வீடு வரும் வரைக்கும் நான் நிரூஜாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சித்திரை 2, செவ்வாய்

பெனிட்டா வந்தாள், கூடவே தாயாக நடிக்கிற சாருலதா அம்மா. பெரிய நடிகை, எங்கள் இரும்புக் கதிரையில் கூச்சமில்லாமல் இருந்து தேத்தண்ணி குடித்தார். கடைசிக் காட்சியை மாற்றத் தயாரிப்பாளர் விடவில்லையாம். நிரூஜா என்கிற பேரை எடுத்துவிடுவதாக இளம்பரிதி சொல்லி அனுப்பியிருக்கிறார். எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார்கள். அதற்காவது மரியாதை இருக்கிறது.

பிறகு சாருலதா அம்மா என் கையைப் பிடித்தார். "வியாழக்கிழமை அந்த சீன் எடுக்குறாங்க. மகள மடியில போட்டு நான் அழணும். எங்க ஊர் ஒப்பாரி எனக்குத் தெரியும். உங்க ஊர்ல எப்படின்னு தெரியாது. தப்பா அழுதா அது பாவம்மா. நாலு வரி சொல்லிக் குடுங்க."

நல்ல மனுசி. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"எனக்கு ஒப்பாரி தெரியாது" என்றேன்.

அவர்கள் போன பிறகு இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "செத்தவீடு எண்டால் ஊரில உன்னையெல்லோ முதல்ல வந்து கூட்டிக்கொண்டு போறவை. உனக்குத் தெரியாதோ?"

"மறந்து போச்சு."

மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு தொடங்க மாட்டோம். பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தொடங்குவோம், உள்ளே நித்திரையாய்க் கிடக்கிற பிள்ளையை எழுப்புவது போல. பிறகு அது செய்த வேலை, கேட்ட சாப்பாடு, உடுத்த சட்டை எல்லாம் ஒவ்வொன்றாக வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, மச்சாளின் மகனுக்கு, பேர் தெரியாத குழந்தைக்குக்கூட வன்னிப் பனங்காட்டில் ஒப்பாரி படித்திருக்கிறேன்.

சித்திரை 4, வியாழன்

போவதில்லை என்றுதான் இருந்தேன். என் கத்தரிக்கோல் அங்கே கிடக்கிறது என்று போனேன்.

நான் தைத்த மூட்டைகளுக்கு நடுவில் சாருலதா அம்மா இருந்தார். மடியில் அந்தப் பிள்ளை. எல்லாம் அப்படியே இருந்தது. சோளகம், மண், தறப்பாள் கொட்டில், அரக்குக் கரை வைத்த சிவப்பு மூட்டை ஒன்று. கலை இயக்குநரே தேடி வாங்கினாராம். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு தொடங்கினார். பெரிய குரல், நல்ல தாளம், கரிசல் பக்கத்து ஒப்பாரி. சுற்றி நின்ற லைட்காரர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். மாமன், சீர், கண்டாங்கி என்று எங்கள் வாயில் வராத சொல்லெல்லாம் வந்தது. எங்கள் சனத்தில் எவர் கேட்டாலும் முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்கள், இது எங்களின் தாய் இல்லை, அந்த மடியில் கிடப்பது எங்களின் பிள்ளை இல்லை என்று.

கட் சொன்னதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இத்தனை நாளும் ஒரு சொல் பிசகினாலும் கத்தியவள் நான். பெனிட்டா பேனாவைக்கூட நீட்டினாள். சாருலதா அம்மா கண்ணீரைத் துடைக்காமல் கேட்டார்: "சரியாம்மா?"

"சரி" என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வைகாசி 18, சனி

இவர் விடிய வெள்ளெனக் காவிரி அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போய்விட்டு ஈரத் தலையோடு வந்தார். விரலிடுக்கில் எள்ளு ஒட்டியிருந்தது. இவரின் தாய்க்கு எள்ளு விடுகிற சித்திரா பௌர்ணமி போன மாதமே முடிந்துவிட்டது, தகப்பனுக்கு ஆடி அமாவாசை இன்னும் வரவில்லை. போன வருசமும் இதே மே பதினெட்டில், சண்டை முடிந்த நாளில் போனவர். காற்று வாங்கப் போனேன் என்கிறார்.

தோசை சுட்டுக் கொடுத்தேன். இவரோடு எனக்கு இன்றைக்குக் கதைக்க விருப்பமில்லை.

ஐப்பசி 9, புதன்

சென்னையில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முன்வரிசைக்குப் பின்னால் எங்களுக்கு இடம். இவர் தியேட்டரில் படம் பார்த்துக் கன காலம். சத்தத்தை நிறுத்த முடியாது என்று பயமாக இருந்தது எனக்கு. இவர் காதைப் பொத்தவில்லை.

பங்கர் திருப்பம் வந்தபோது என் கையில் ஒரு தட்டுத் தட்டினார். சீலை மூட்டைகள் வந்தபோது குனிந்துகொண்டார். ஷெல் கூவாமல் வந்து விழுந்தது, ஒலிப்பதிவுப் பெடியன் இவர் சொன்னதைக் கேட்டிருக்கிறான். கதாநாயகன் பறந்தபோது மட்டும் இவர் மூக்கால் சிரித்தார்.

பிறகு அந்தக் காட்சி. தியேட்டர் முழுக்க விசும்பல். நான் திரையைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தேன். காவிரியில் எள்ளு விட்டு வந்த மனுசன் இப்போது உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். இவர் தலையைச் சரித்துக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் காதுக்குள் சொன்னார்.

"இது எங்கட அழுகை இல்லையே."

"இல்லை."

"நீ சொல்லிக் குடுக்கேல்லையோ?"

"கேட்டவை. நான் குடுக்கேல்லை."

விளக்குகள் போட்டார்கள். எல்லோரும் எழுந்து வெளியில் போனார்கள், இளம்பரிதி சொன்னபடியே. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார். "நல்லது செய்தாய்" என்றார். கூட்டுகிறவர்கள் வந்து எழுப்பும் வரைக்கும் நாங்கள் எழும்பவில்லை.

வாசலில் பெனிட்டா நின்று கொப்பியைக் கேட்டாள். பிழைகளையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகமாகப் போடப் போகிறார்களாம். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வலப்பக்கங்களை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுப்பேன், இடப்பக்கங்கள் என்னோடு இருக்கும். வலப்பக்கத்தில் இன்னும் ஒன்று எழுத வேண்டியிருந்தது, எழுதிவிட்டேன்.

பிழை: கடைசிக் காட்சி ஒப்பாரி. எங்கள் ஊரில் இப்படி அழ மாட்டோம். திருத்த வேண்டாம்.